தறி ஓடினால் தூங்குகிறான், மிக்ஸி ஓடினால் அலறுகிறான்

போன இதழில் பேச்சு தாமதமாகும் பிள்ளைகளைப் பற்றி எழுதியபோது, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குச் சத்தம் பெரிய தொந்தரவாக இருக்கும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் இந்த மாதம் கடிதங்கள் குவிந்திருக்கின்றன. ஈரோட்டில் பேச்சு, கேட்புப் பயிற்சி கொடுப்பவள் என்ற முறையில் தினமும் பார்க்கிற விஷயம்தான், ஆனாலும் இத்தனை வீடுகளில் இத்தனை பேர் இதை வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள் என்பது எனக்கே புதிது. ஆகவே இந்த முறை முழுக்கச் சத்தம் பற்றித்தான். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

ஒரு அம்மா, சோமனூர்

*எங்க வீடும் தறிக்குடோனும் ஒரே சுவருங்க. பையனுக்கு 5 வயசு, ஆட்டிசம்னு கோயமுத்தூர்ல சொல்லியிருக்காங்க. எட்டுத் தறி ஓடற சத்தத்துல நல்லாத் தூங்கறான். கரண்ட் போய்த் தறி நின்னா எந்திரிச்சுக்கறான். ஆனா மிக்ஸி போட்டா, குக்கர் விசில் வந்தா, ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு அலறிக் கட்டிலுக்கு அடியில போயிடறான். "இத்தனை தறிச்சத்தம் தாங்கறவனுக்கு மிக்ஸி தாங்காதா, வேணும்னே பண்றான், நாலு போட்டாச் சரியாப் போயிரும்"னு மாமியார் சொல்றாங்க. சில நேரம் எனக்கும் அப்படித்தான் தோணுது. நடிக்கிறானுங்களா?*

நடிக்கவில்லைங்க. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை அப்புறம் நிதானமாகப் படியுங்கள்.

உங்கள் கேள்விக்கான பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கரண்ட் போனால் எழுந்துகொள்கிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். அவனுக்குத் தறிச்சத்தம் ஒரு சத்தமே இல்லை. உங்கள் வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோதே கேட்க ஆரம்பித்தது, பிறந்த பிறகும் விடாமல் ஒரே தாளத்தில் ஓடுகிறது. அடுத்த நொடி என்ன சத்தம் வரும் என்று அவன் மூளைக்கு நன்றாகத் தெரியும். தறி நிற்பதுதான் அவனுக்கு மாற்றம். மிக்ஸி அப்படியில்லை. எப்போது போடுவீர்கள் என்று தெரியாது, போட்டதும் கீச்சென்று ஏறும், தேங்காய் சிக்கினால் குரல் மாறும், திடீரென்று நிற்கும், மறுபடி ஏறும். குக்கர் விசில் இதைவிட மோசம், அடுப்படியில் நிற்கிற நமக்கே அது எந்த நொடியில் வரும் என்று தெரியாது.

சத்தத்தின் அளவை மட்டும் பார்த்தால் உங்கள் மாமியார் சொல்வதில் நியாயம் இருப்பது போலத்தான் தெரியும். தறிக்குடோனுக்குள் 90 டெசிபலுக்கு மேல் போகும், மிக்ஸியும் பக்கத்தில் நின்றால் ஏறக்குறைய அந்த அளவுதான், நாம் பேசுவது சுமார் 60. ஆனால் இந்தக் குழந்தைகளின் சிக்கல் டெசிபலில் இல்லை. காதைச் சோதித்தால் பெரும்பாலும் மற்றக் குழந்தைகளைப் போலத்தான் இருக்கும். காதுக்கு வந்த சத்தத்தை மூளை என்ன செய்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

ஒரு புதுச் சத்தம் வந்தால் எல்லோருடைய மூளையும் முதலில் உஷாராகும். மூளைக்குள் அமிக்டலா என்று வாதுமைக்கொட்டை அளவில் ஒரு பகுதி இருக்கிறது, ஆபத்தா இல்லையா என்று பார்ப்பதில் அதற்குப் பெரிய பங்கு. அதே சத்தம் இரண்டாவது, மூன்றாவது முறை வந்து ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்த உஷார் மெல்ல அடங்கிவிடும். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் கடை வைத்திருப்பவருக்கு ஏர் ஹாரன் காதில் விழாமல் போவது இப்படித்தான். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2015-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பிள்ளைகளை ஸ்கேனில் படுக்க வைத்து, போக்குவரத்து இரைச்சலைக் கேட்க வைத்து, சொரசொரப்பான கம்பளித் துணியைக் கையில் தேய்த்து, மூளை என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். ஆட்டிசம் இருந்து, சத்தம் தொடுதல் போன்றவை தாங்காது என்று பெற்றோர் சொன்ன பிள்ளைகளுக்கு, திரும்பத் திரும்ப வந்தும் அமிக்டலாவின் உஷார் மற்றவர்களுக்கு அடங்குவது போல அடங்கவில்லை. அதாவது பத்தாவது விசிலும் அவனுக்கு முதல் விசில்தான். நீங்கள் தினமும் காலையில் சட்னி அரைக்கிறீர்கள், பழகியிருக்க வேண்டாமா என்று நமக்குத் தோன்றும். பழகுவது என்ற அந்த வேலையைச் செய்கிற இடத்தில்தான் அவனுக்குத் தடங்கல்.

இன்னொன்றும் சொல்கிறேன். ஆட்டிசம் பற்றி லியோ கானர் என்ற மருத்துவர் முதன்முதலில் விரிவாக எழுதியது 1943-இல், 11 குழந்தைகளைப் பற்றி. அவர்கள் பயந்த பொருட்களின் பட்டியலைப் பார்த்தால் உங்கள் வீட்டு அடுப்படி மாதிரியே இருக்கும்: முட்டை அடிக்கிற கருவி, தரை கூட்டுகிற மெஷின், லிஃப்ட், குழாயில் தண்ணீர் ஓடுவது, காற்று வீசுவதுகூட. கூடவே, அதே குழந்தை தானே அந்த அளவுக்குச் சத்தம் போட்டுச் சந்தோஷமாக விளையாடும் என்றும் குறித்திருக்கிறார். சத்தம் தன் கையில் இருக்கிறதா, யாரோ தன் மேல் போடுகிறார்களா என்பது இந்தக் குழந்தைகளுக்கு அவ்வளவு முக்கியம். இவ்வளவு முன்னாலேயே எழுதிவைத்தும், ஆட்டிசத்தைக் கண்டறியும் அளவுகோலுக்குள் அமெரிக்க மனநல மருத்துவர்கள் இதைச் சேர்க்க 2013 ஆகிவிட்டது. 70 வருடம் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறார்கள், அடியும் வாங்கியிருக்கிறார்கள்.

அந்தக் கானர் சொன்னதை வைத்துத்தான் நான் வேலை செய்கிறேன். என்னிடம் வந்த ஒரு பையனுக்கு மிக்ஸி என்ற பேச்சே ஆகாது. முதல் வாரம் மிக்ஸியை பிளக் போடாமல் மேசைமேல் வைத்தேன், அவ்வளவுதான். அவனே ஜாரைக் கழற்றினான், மாட்டினான், மூடியை மோந்து பார்த்தான். மூன்றாம் வாரம் பிளக் போட்டு, திருகை அவன் கையில் கொடுத்தேன். இடது கை காதில், தோள்பட்டை காது வரை ஏறியிருக்கிறது, வலது கைக் கட்டைவிரல் மட்டும் திருகின் ஓரத்தில். ஒரு நொடி திருப்பினான், உர்ரென்றது, உடனே நிறுத்தினான். என் முகத்தைப் பார்த்தான். மறுபடி திருப்பினான். ஆறேழு தடவைக்குப் பிறகு இடது கை தானாகக் காதிலிருந்து இறங்கி மேசைக்கு வந்தது, அவன் அதைக் கவனிக்கவே இல்லை. மிக்ஸி பயம் அன்றோடு போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், அதன்பின் மாதக்கணக்கானது. ஆனால் நிறுத்துகிற வேலை தன்னிடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு கட்டிலுக்கு அடியில் போவது நின்றது.

உங்கள் வீட்டிலும் இப்படி மெல்ல ஆரம்பியுங்கள், பிளேடுள்ள ஜாரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, நீங்கள் பக்கத்திலேயே நின்றுகொண்டு. மற்ற நாட்களில் போடும் முன் அவன் எதிரில் வந்து "மிக்ஸி போடப் போறேன், ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லிவிட்டுப் போடுங்கள். அடியில் கெட்டியான துண்டை நாலாக மடித்து வையுங்கள், அதிர்வு கொஞ்சம் குறையும். குக்கரை அவன் பள்ளிக்கூடம் போன நேரத்துக்குத் தள்ள முடிந்தால் தள்ளுங்கள்.

அப்புறம் ஒரு விஷயம், நீங்கள் கேட்காதது. தறிச்சத்தத்தில் தூங்குகிறான் என்பதற்காக அங்கேயே தூங்கப் போடாதீர்கள். 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் பெரியவர்களுக்கே காது கெடும், உங்களுக்கும் உங்கள் வீட்டுக்காரருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். குடோனிலிருந்து தள்ளியிருக்கிற அறையில், அந்தத் தாளம் லேசாகக் கேட்கிற தூரத்தில் படுக்க வையுங்கள்.

அத்தையிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அவர் மோசமானவர் இல்லை, அவர் காலத்தில் யாரும் அவருக்கு இதைச் சொல்லவில்லை. அடித்தால் மட்டும் ஒன்று நடக்கும்: மிக்ஸிக்குப் பயப்படுகிறவன் அப்பத்தாவுக்கும் பயப்படுவான்.

ஒரு அப்பா, பெருந்துறை

*பாப்பாவுக்கு 3 வயசு. பேரைச் சொல்லிப் பத்துத் தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டா. ஆனா அடுத்த ரூம்ல பிஸ்கட் கவர் பிரிச்சாப் போதும், ஓடி வந்துருவா. அப்போ காது கேட்குதுன்னுதானே அர்த்தம்? டாக்டர் எதுக்குங்க பேரா டெஸ்ட் எழுதினாரு? ஆட்டிசமா இருக்குமோன்னும் சொல்றாரு. ரெண்டு நாளா வெசனமா இருக்குது.*

டாக்டர் எழுதியது சரி, பேரா (BERA) என்கிற அந்தக் காது டெஸ்ட்டை எடுத்துவிடுங்கள். பிஸ்கட் கவருக்கு ஓடி வருவதை வைத்துக் காது நன்றாகக் கேட்கிறது என்று முடிவுக்கு வர முடியாது. சில சத்தம் கேட்டு, சில சத்தம் கேட்காத குழந்தைகள் இருக்கிறார்கள். அடிக்கடி சளி பிடிக்கிற குழந்தைக்குக் காதுக்குள் நீர் கோத்துக்கொண்டு ஒரு வாரம் கேட்கும், ஒரு வாரம் மந்தமாக இருக்கும். ஆட்டிசமா என்று பார்க்கும் முன் காதைப் பார்ப்பதுதான் முறை.

பயப்பட ஒன்றும் இல்லை. குழந்தை தூங்கும்போது நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சின்ன வில்லைகளை ஒட்டி, காதில் டிக் டிக் என்று சத்தம் கொடுப்பார்கள். அந்தச் சத்தம் காது நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குப் போகும்போது வருகிற அலைகளை, முதல் 10 மில்லி நொடிக்குள் வருபவற்றை, கம்ப்யூட்டர் வரையும். ஊசி கிடையாது, வலி கிடையாது. தூங்கினால்தான் எடுக்க முடியும் என்பதால் அன்றைக்கு அதிகாலையில் எழுப்பிவிட்டு, போகிற வழியில் காரில் தூங்க விடாமல் கூட்டிப் போங்கள், இல்லாவிட்டால் தூக்க மருந்து கொடுக்க வேண்டி வரும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பகட்ட இடையீட்டுச் சேவை மையம் எங்கே என்று கேளுங்கள், அங்கே வழி சொல்வார்கள். சத்தியமங்கலம், திம்பம் தாண்டி மைசூர் போக வசதியிருந்தால் அங்கே அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனம் இருக்கிறது. நம் பக்கத்திலிருந்து எத்தனையோ பேர் போய் வருகிறார்கள்.

காது நன்றாக இருக்கிறது என்று வந்துவிட்டால், அப்போது உங்கள் கேள்வி இன்னும் முக்கியமாகிறது: கேட்கிற பிள்ளை ஏன் திரும்பவில்லை?

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வினோத் மேனன் என்பவரின் குழு இதைப் பார்த்திருக்கிறது. மனிதக் குரலைக் கேட்கும்போது வேலை செய்கிற பகுதி ஒன்று மூளையில் உண்டு, சந்தோஷத்தை உணர்த்துகிற பகுதிகளும் உண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தொடர்பு பலவீனமாக இருக்கிறது என்று 2013-இல் எழுதினார்கள். சாதாரணமாக ஒரு குழந்தைக்கு அம்மா குரல், அப்பா குரல் என்றாலே தித்திப்பு, அதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. உங்கள் பாப்பாவுக்கு ஆட்டிசம் என்றால், குரலுக்கு அந்தத் தித்திப்பு தானாக ஒட்டிக்கொள்ளாமல் இருக்கலாம். பிஸ்கட் கவருக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கவர் பிரிந்தால் பிஸ்கட் வரும், பேர் சொன்னால் என்ன வரும்? யோசித்துப் பாருங்கள், நாம் பேர் சொல்லிக் கூப்பிடுவது பெரும்பாலும் "தொடாதே", "வா குளிக்கலாம்" என்பதற்குத்தான்.

இன்னொரு ஆய்வையும் சொல்கிறேன், இதைத்தான் நான் எல்லாப் பெற்றோருக்கும் சொல்வது. ஃபிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையில் திமோத்தி ராபர்ட்ஸ் என்பவரும் கூட இருந்தவர்களும் 2010-இல் வெளியிட்டது. பியூட்டி பார்லரில் முடி காய வைக்கத் தலைமேல் கவிழ்ப்பார்களே, பார்ப்பதற்கு அந்த மாதிரி ஒரு கருவி. மூளைக்குள் மின்சாரம் ஓடும்போது உண்டாகிற மிகமிக நுண்ணிய காந்தப் புலத்தை வெளியிலிருந்தே அளக்கும், ஸ்கேன் மாதிரி டமடமவென்று சத்தம் போடாது. ஆட்டிசம் உள்ள 25 குழந்தைகளுக்கும் இல்லாத 17 குழந்தைகளுக்கும் பீப் பீப் என்று வெறும் ஒலிகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். மூளையின் வலப்பக்கத்தில், சத்தம் வந்து சுமார் 100 மில்லி நொடியில் எழ வேண்டிய அலை ஆட்டிசம் உள்ளவர்களுக்குச் சராசரியாக 11 மில்லி நொடி பிந்தி எழுந்தது. நொடியில் நூறில் ஒரு பங்கு. கண் சிமிட்டும் நேரத்தில் ஒரு சின்னப் பங்குதான்.

இதென்ன பிரமாதம் என்று தோன்றும். ஆனால் பேச்சு என்பது ஒரு பீப் இல்லையே. "கண்ணு சாப்பிட வா சாமி" என்று ஒரு மூச்சில் சொல்கிறோம், அதற்குள் பத்துப் பன்னிரண்டு ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. முதல் ஒலியைப் பிடித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. இந்தப் பின்னடைவு மொழி கற்பதையே சிரமமாக்குகிறதோ என்றுதான் அந்த ஆய்வாளர்களும் யோசித்தார்கள். கோயமுத்தூரில் இந்த டெஸ்ட் எங்கே எடுப்பது என்று அலைய வேண்டாம், இது ஆராய்ச்சிக்கானது. ஆட்டிசமா இல்லையா என்று இன்றைக்கும் குழந்தையோடு உட்கார்ந்து, பார்த்துப் பழகித்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் வீட்டில் செய்ய வேண்டியது இதுதான். பத்துத் தடவை கூப்பிடாதீர்கள். பத்துத் தடவை விழுகிற பேர் ஃபேன் சத்தம் மாதிரி ஆகிவிடும். டிவியை நிறுத்துங்கள், பக்கத்தில் போய் உட்காருங்கள், ஒரே ஒரு தடவை கூப்பிடுங்கள், மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்தப் பத்து எண்ணுவதுதான் கஷ்டம், நான்கு எண்ணுவதற்குள் எல்லா அப்பாக்களும் மறுபடி வாயைத் திறந்துவிடுகிறார்கள். திரும்பினாள் என்றால் உடனே அவளுக்குப் பிடித்தது ஏதாவது நடக்கட்டும், தூக்கிச் சுற்றுங்கள், பிஸ்கட்டே கொடுங்கள். கொஞ்ச நாளைக்குப் பேர் சொல்லித் திட்டவே திட்டாதீர்கள். இன்னொன்று, நம் பக்கத்துப் பேச்சில் ஒரு இழுவை இருக்கிறதல்லவா, "ஏனுங் கண்ணூ" என்று ராகமாக இழுத்துப் பேசுவோமே, அதை விட்டுவிடாதீர்கள். இங்கிலீஷில் பேசினால்தான் பிள்ளை தேறும் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். மெல்ல, இழுத்து, ராகத்தோடு சொல்வதைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வதை என் அறையில் தினமும் பார்க்கிறேன்.

ஒரு ஆசிரியை, கோபிசெட்டிபாளையம்

*என் இரண்டாம் வகுப்பில் ஆட்டிசம் உள்ள பையன் ஒருவன் இருக்கிறான். மணி அடித்தால், பிரேயரில் மைக் கொய்ங் என்றால், மேசைக்கு அடியில் போய்விடுகிறான். பெற்றோர் காதை மூடுகிற பெரிய ஹெட்போன் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். தலைமை ஆசிரியர் அனுமதிக்கத் தயங்குகிறார். நானும் அது பழக்கமாகிவிடுமோ என்று யோசிக்கிறேன்.*

போட விடுங்கள் டீச்சர், ஆனால் நாள் முழுக்க வேண்டாம். மணி அடிக்கிற நேரம், பிரேயர், சாப்பாட்டு நேரம், இவ்வளவு போதும். உங்கள் யோசனையிலும் உண்மை இருக்கிறது. எப்போதும் காதை அடைத்தே வைத்திருந்தால் மூளை தன் பங்குக்கு வால்யூமை ஏற்றிக்கொள்ளும், கழற்றியதும் சின்னச் சத்தமும் பெரிதாக அடிக்கும். ஹெட்போன் அவன் பையில் இருக்கிறது, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்தாலே பல பிள்ளைகள் பாதி நாள் எடுப்பதில்லை.

மணிக்கு ஒரு நிமிடம் முன்னால் அவனிடம் விரலைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். ரோட்டுப் பக்க ஜன்னல், ஃபேனுக்கு நேர் கீழே, இந்த இரண்டு இடமும் அவனுக்கு ஆகாது. இரைச்சலுக்கு நடுவில் பேச்சைப் பிரித்தெடுப்பது ஆட்டிசம் உள்ள பலருக்கு மிகவும் சிரமம். எனவே வகுப்பே சலசலக்கும்போது கணக்குச் சொன்னால் அவனுக்கு உங்கள் குரல் ஐம்பது குரலில் ஒன்று. அடங்கிய பிறகு சொல்லுங்கள். நாற்காலி இழுக்கிற கிரீச் சத்தத்துக்குப் பழைய டென்னிஸ் பந்தைக் கீறிக் கால்களில் மாட்டிவிடலாம், பசங்களே கொண்டுவந்து கொடுப்பார்கள்.

தலைமை ஆசிரியரிடம் பணிவாக ஒன்று சொல்லுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. பிள்ளையின் தேவைக்கேற்ற வசதியைப் பள்ளி செய்து தர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. கண்ணாடி போட வேண்டாம் என்று எந்தப் பள்ளியும் சொல்வதில்லையே.

ஒரு அப்பாரு, காங்கேயம் பக்கம்

*மாரியம்மன் நோம்பி சாட்டியாச்சுங்க. பேரனுக்கு 6 வயசு, திருப்பூர்ல இருக்கறான். போன வருசம் ஜமாப் அடிச்சப்ப மூச்சு முட்ட அழுது வாந்தி எடுத்துட்டான். ஊரே சுத்தி நின்னு பாத்துச்சு. மருமக அழுதுகிட்டே கூட்டிட்டுப் போயிருச்சு. இந்த வருசம் வர வேண்டாம்னு சொல்லிரலாமுங்களா? எனக்கு அவன் வரோணும்னுதான் இருக்குது.*

ஐயா, வரச் சொல்லுங்க. உங்கள் கடிதத்தைப் படித்து இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவன் முழு நோம்பியையும் பார்க்க வேண்டும் என்று மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். காலையில் ஜமாப் கொட்டு இல்லாத நேரத்தில் கோயிலுக்கு நீங்களே கைப்பிடித்துக் கூட்டிப் போங்கள். கம்பம், தோரணம், மாவிளக்கு எல்லாம் காட்டுங்கள். கொட்டுக்காரர்கள் வந்து இறங்கியதும், அடிக்க ஆரம்பிக்கும் முன், அவர்களிடம் சொல்லி அவன் கையில் குச்சியைக் கொடுத்து ஒரு தட்டுத் தட்ட வையுங்கள், மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். போன வருட வீடியோ யார் போனிலாவது இருந்தால் இப்போதே மருமகளுக்கு அனுப்பி, சத்தத்தை நன்றாகக் குறைத்து தினமும் கொஞ்ச நேரம் காட்டச் சொல்லுங்கள். என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிட்டால் பாதிப் பயம் குறையும்.

அடிக்க ஆரம்பித்த பிறகு தள்ளி நில்லுங்கள். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் இறங்கும், 10 அடியிலிருந்து 80 அடிக்குப் போனால் 18 டெசிபல் குறைந்துவிடும், அது பெரிய வித்தியாசம். ரேடியோ செட்டுக் குழாய்க்கு நேர் எதிரில் மட்டும் நிற்க வேண்டாம். வண்டியைப் பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் சுண்டுவிரலை இழுத்தால் வண்டிக்குப் போகலாம் என்று அவனிடம் சொல்லி வையுங்கள். இழுத்தால் அந்த நொடியே கிளம்பிவிட வேண்டும், "சித்த இரு கண்ணு" என்று சொல்லக்கூடாது. ஒரு தடவை ஏமாற்றினால் அப்புறம் நம்ப மாட்டான்.

நோம்பி கமிட்டியில் உங்கள் பேச்சுக்கு மரியாதை இருக்கும் என்று நினைக்கிறேன். உங்கள் வீட்டுப் பக்கம் பார்க்கிற குழாயைத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். 2000-ஆவது வருட ஒலி மாசு விதிப்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழாவுக்கென்று அரசு விலக்குக் கொடுத்தால்கூட 12 மணி வரைதான். அந்தப் பேரன் ஒருவனுக்காக மட்டும் இல்லை, கைக்குழந்தைகளும் வயசானவர்களும் எத்தனை பேர் அந்த ஊரில் தூங்க முடியாமல் கிடக்கிறார்கள்.

சுற்றி நின்று பார்த்தார்களே, அவர்களுக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். "அவனுக்குச் சத்தம் வலிக்குமுங்க" என்று நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். உங்கள் வாயிலிருந்து வந்தால் ஊர் கேட்டுக்கொள்ளும், மருமகள் சொன்னால் கேட்காது. அந்தப் பெண் போன வருடம் அழுதுகொண்டு போனது எதற்கென்று உங்களுக்குத் தெரியும்.

ஒரு அம்மா, திருப்பூர்

*ஒரு சென்டர்ல ஹெட்போன்ல ஸ்பெஷலாப் பாட்டு கேட்க வைப்பாங்களாம். அரை மணி நேரம் வீதம் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை, 10 நாள். சத்தப் பயமும் போயிரும், பேச்சும் வந்துரும்கறாங்க. 35 ஆயிரம் கேக்கறாங்க. கட்டலாமா?*

கட்ட வேண்டாம்.

பிரான்ஸில் பெரார் என்ற மருத்துவர் ஆரம்பித்த முறை இது. அமெரிக்கப் பேச்சு, கேட்பு வல்லுநர்கள் சங்கம் இதற்கு அறிவியல் ஆதாரம் போதாது என்று 2004-லேயே சொல்லிவிட்டது. எல்லா ஆய்வுகளையும் ஒன்றாக எடைபோட்டுப் பார்த்த காக்ரேன் அறிக்கையும் 2011-இல் இது பயன் தருவதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் முடித்தது. பேச்சு வந்துவிடும் என்று 10 நாள் கணக்குச் சொல்கிற யாரையும் நம்பாதீர்கள். பனியன் கம்பெனியில் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணமாக இருக்கும், அதை வாரம் இரண்டு நாள் பேச்சுப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள், பயிற்சி நடக்கும்போது வெளியே உட்காராமல் உள்ளே உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, பயிற்சிச் செலவுக்கும் அதில் இடம் இருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள்.

பிளஸ் ஒன் மாணவன், கோவை

*எனக்கு 14 வயசுலதான் ஆட்டிசம்னு சொன்னாங்க. கிளாஸ்ல ஃபேன், ட்யூப்லைட், பக்கத்து கிளாஸ் சார் குரல், பின் பெஞ்சுல பேனா மூடி திறக்கறது எல்லாமே ஒரே அளவுல கேட்குது. வீட்டுக்கு வந்தா ரெண்டு மணி நேரம் என்னால பேச முடியறதில்லை. அம்மா திமிருன்னு நினைக்கறாங்க. என் மூளையில கோளாறா?*

கோளாறு என்ற வார்த்தையை நான் போட மாட்டேன் தம்பி. லண்டனில் ஆனா ரெமிங்டன் என்பவரும் இன்னொருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பல ஒலிகள் ஒன்றாக வரும்போது அதில் குறிப்பிட்ட ஒன்று இருக்கிறதா என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். ஒலிகளைக் கூட்டிக்கொண்டே போனபோது ஆட்டிசம் உள்ள பெரியவர்கள்தான் நன்றாகக் கண்டுபிடித்தார்கள். எதிர்பாராமல் நடுவில் நுழைத்த ஒலியைக் கவனித்தவர்களும் அவர்களில்தான் அதிகம். அதாவது உன் மூளை மற்றவர்களைவிட அதிகமாக உள்ளே வாங்குகிறது. வாங்கியதையெல்லாம் ஏழு மணி நேரம் சுமந்துகொண்டு நீ வீட்டுக்கு வருகிறாய், அந்தக் களைப்புதான் அந்த இரண்டு மணி நேரம்.

அம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. அம்மா, பையன் வந்ததும் ஒரு மணி நேரம் எதுவும் கேட்காமல் காபியை மட்டும் வைத்துவிட்டுப் போங்கள், அவனே வந்து பேசுவான். பேச முடியாதபோது காட்ட ஒரு சைகையை நீங்கள் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிளஸ் டூ பொதுத்தேர்வுக்குத் தனி அறையும் கூடுதல் நேரமும் கேட்டு இப்போதே பள்ளியில் விண்ணப்பம் கொடு, மார்ச் மாதம் ஓடினால் நடக்காது.

உன்னிடம் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. உனக்கு 5 வயதாக இருந்தபோது வீட்டில் எந்தச் சத்தம் ஆகாது, அது எப்படிக் கேட்டது, காதில் வலித்ததா, வயிற்றைப் பிசைந்ததா, யார் என்ன செய்தபோது கொஞ்சம் தாங்க முடிந்தது என்று நினைவிருக்கிற வரை எழுதி அனுப்பு. பிழை இருந்தாலும் பரவாயில்லை, எவ்வளவு நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. அடுத்த இதழில் உன் கடிதத்தைத்தான் முதலில் போடப் போகிறேன். சோமனூரில் கட்டிலுக்கு அடியில் இருக்கிற பையனுக்கு அதைச் சொல்ல இன்னும் பேச்சு வரவில்லை.